சோலார் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும் முன்

"இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை மெகாவாட் சூரிய மின்சாரம்" என்று பத்திரிகையில் செய்தி வந்தால் போதும், விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நிலத் தரகர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கராவது வேண்டுமே. கமுதியில் அதானி நிறுவனம் 2016-இல் 4,550 கோடி ரூபாயில் அமைத்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது.

சோலார் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சீமைக்கருவேலம் மண்டிய மானாவாரி நிலத்துக்கு வருசா வருசம் வாடகை வந்தால் நல்லதுதான். பிரச்சினை குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. கமுதி மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் கிடைத்தது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்காவுக்கான ஏலத்தில் (குறைந்த விலைக்கு மின்சாரம் தருபவருக்கே திட்டம்) விலை 2.44 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. விலை இப்படி இறங்கும்போது கம்பெனிகள் சிக்கனம் தேடும் இடங்களில் நிலமும் ஒன்று.

என்னிடம் வந்த ஒரு அண்ணாச்சியின் குத்தகை வரைவு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. "ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு சார், கையெழுத்துதான் பாக்கி" என்றார். தொகை சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாடகை எப்போது தொடங்கும் என்ற வரியில், "வணிகரீதியான மின் உற்பத்தி தொடங்கும் நாள் முதல்" என்று போட்டிருந்தார்கள். அதாவது துணை மின்நிலையத்தில் இணைப்பு கிடைக்கத் தாமதமானாலும், கம்பெனி திட்டத்தையே தள்ளிப்போட்டாலும், அட்வான்ஸைத் தவிர அவருக்கு ஒரு பைசா வராது. அதற்குள் நிலத்தை விற்கவும் முடியாது, வேறு ஆளுக்கு விடவும் முடியாது. பத்திரம் பதிவான நாளிலிருந்து வாடகை என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், இத்தனை மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகும் என்றாவது இருக்கட்டும்.

குத்தகைக்குப் பதில் தரகர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அவருக்கும் நிலத்தில் உரிமை வருகிற மாதிரி எழுதிவிட்டால், பிறகு ரத்து செய்வது லேசான காரியமல்ல.

அடுத்தது வங்கி. இந்த முதலீடுகளில் பெரும்பகுதி கடன்தான்; நூறு ரூபாயில் 70 கடன், 30 கம்பெனியின் சொந்தப் பணம் என்பது வழக்கமான விகிதம். கடன் கொடுக்கும் வங்கியிடம் கம்பெனி தன் குத்தகை உரிமையை அடமானம் வைப்பது சகஜம், அதில் பயமில்லை. உங்கள் நிலத்தையே ஈடாக வைக்கும் வாசகமோ, நீங்கள் ஜாமீன் நிற்பதாக ஒரு வரியோ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கையில் கொடுக்கவே கூடாது, நகல் போதும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் ஆகாது. முத்திரைத்தாள், பதிவுச் செலவு கம்பெனியுடையது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்புறம், இந்த வாடகைக்கு விவசாய வருமானம் போல வரிவிலக்கு கிடையாது. பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

நிலம் வழியாகக் கண்மாய்க்கு வரத்துக்கால் போனால், அதை மூடக் கூடாது என்று வரைபடத்தோடு சேருங்கள். வேலி போட்ட பிறகு பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவது உங்களிடம்தான்.

கடைசியில் வருவது குத்தகை முடியும் நாள். 25, 30 வருசம் கழித்து அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் உங்கள் பிள்ளைகள். பேனலையும், மண்ணுக்குள் அடித்த இரும்புத் தூண்களையும், கான்கிரீட்டையும் யார் எடுப்பது? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடங்கும். கண்ட இடத்தில் கொட்ட முடியாது. கம்பெனியோ, அதை வாங்கிய வேறு கம்பெனியோ தன் செலவில் அகற்ற வேண்டும், அகற்றி முடிக்கும்வரை வாடகை ஓடும், அதற்கு வங்கி உத்தரவாதமும் (கம்பெனி அகற்றாவிட்டால் அதற்கான பணத்தை வங்கி தரும் என்ற உறுதி) தர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வங்கி உத்தரவாதத்துக்குக் கம்பெனி வக்கீல்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். ஊரில் நாலைந்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து போய்க் கேட்டால் பேச்சுவார்த்தைக்காவது இறங்கி வருகிறார்கள்.