முதலில் தொட்டி, பிறகுதான் ஆம்புலன்ஸ்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றதும் செப்டம்பர் மாதச் சனிக்கிழமையும், நிரம்பி வழியும் மைதானமும், பேண்டு வாத்தியமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். (ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் ஆட்டத்தைச் சொல்கிறேன்.) மைதானத்தின் ஓரத்தில் மருத்துவப் பையோடு நிற்கும் அத்லெட்டிக் டிரெய்னர்களான எங்களுக்கு சீசன் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். வயிற்றைக் கலக்குவதும் அந்த வாரம்தான். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கல்லூரிக் கால்பந்தில் மோதி அடிபட்டு இறந்தவர்களைவிட, பந்தே இல்லாத ஓட்டப் பயிற்சிகளில் சாய்ந்து இறந்தவர்கள் அதிகம்.

ஆண்டுக்கு ஆண்டு வெயிலில் பயிற்சியின்போது ஒரு வீரர் சுருண்டு இறந்தார் என்ற அதே செய்தி, அதே இரங்கல், அதன் கீழே அதே கருத்து: "தண்ணி ஒழுங்கா குடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

ஆகியிருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தவர்களுக்கும் ஹீட் ஸ்ட்ரோக் (உடம்புச் சூடு கட்டுமீறி மூளையைத் தாக்கும் நிலை) வந்திருக்கிறது. ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூட ஓட்டத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம். 136 கிலோ எடையுள்ள ஒரு லைன்மேன் (முன்வரிசையில் முட்டி நிற்கும் கனத்த வீரர்) அடுத்தடுத்து முழு வேகத்தில் ஓடினால் அவர் உடம்பு ஒரு கொதிகலன். அந்த வெப்பம் வெளியேற இருக்கும் முக்கியமான வழி வியர்வை ஆவியாவது. வியர்வை வடிவது வேறு, ஆவியாவது வேறு. ஹூஸ்டனிலோ அட்லாண்டாவிலோ ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், ஹெல்மெட்டுக்கும் ஷோல்டர் பேடுக்கும் அடியில், வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அப்போது வயிற்றில் ஒரு குடம் தண்ணீர் இருந்தும் பயனில்லை. நீரிழப்பு நிலைமையை மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஹீட் ஸ்ட்ரோக்கை வரவழைப்பது வெயில், கவசம், பழக்கமில்லாத உடம்பு, நிறுத்தத் தெரியாத பயிற்சியாளர் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டணி.

இந்தத் தண்ணீர் மந்திரம் ஆளையே கொன்றும் இருக்கிறது. 2014இல் ஜார்ஜியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி வீரர் தசைப்பிடிப்பு வரக்கூடாது என்று சுமார் ஏழரை லிட்டர் தண்ணீரும், அதே அளவு விளையாட்டுப் பானமும் குடித்தார். ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கி இறந்துபோனார். எவ்வளவு குடிப்பது என்பதற்குத் தராசு போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளாடையோடு எடை பாருங்கள். இழப்பு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். நேற்று இழந்தது இன்று காலை வரை திரும்பாதவரைப் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது.

தண்ணீரை மறுத்த காலமும் இருந்தது. 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் பயிற்சியாளர் 'பேர்' (கரடி) பிரையன்ட், ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப் போய், வறட்சிக் காலத்தில் பத்து நாள், பயிற்சியின்போது சொட்டுத் தண்ணீர் தராமல் வாட்டியதை இன்றும் வீரகாவியம் போலச் சொல்பவர்கள் உண்டு. அதிலும் ஒருவர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்தார், தெய்வாதீனமாகப் பிழைத்தார். அந்தப் பகுதி மட்டும் காவியத்தில் சின்ன எழுத்தில் வரும்.

அடுத்த தப்பெண்ணம்: தோல் வறண்டு சூடாக இருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக். அது வீட்டுக்குள் வெப்ப அலையில் சிக்கும் முதியவர்களுக்குப் பொருந்தும் அடையாளம். ஓடி விழும் இளைஞர் தொப்பலாக நனைந்திருப்பார். பார்க்க வேண்டியது மூளையை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா, திடீரென்று எரிந்து விழுகிறாரா, தள்ளாடுகிறாரா? நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில நிமிடங்களில் சரிபவர்களும் உண்டு. உடம்பின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, கூடவே இந்தக் குழப்பமும் இருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் உறுதி. வெப்பத்தை ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நெற்றி, காது, வாய், அக்குள் எதுவும் இங்கே உதவாது, குறைத்துக் காட்டி ஏமாற்றும். கூச்சமாக இருந்தால் நாலு பேர் துண்டைப் பிடித்து மறைத்துக்கொள்ளட்டும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மெக்நேர், 19 வயது லைன்மேன். 2018 மே 29 அன்று 110 கெஜ ஓட்டங்கள் பத்து. அறிகுறி தெரிந்ததற்கும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்ததற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. உள்வெப்பம் பார்க்கவில்லை, குளிர்நீரில் இறக்கவில்லை. மருத்துவமனையில் 106 டிகிரி. ஜூன் 13 அன்று இறந்தார். பல்கலைக்கழகத் தலைவரே சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பேற்பதாகச் சொன்னார். சீசன் தொடங்க அப்போது மூன்று மாதம் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், இதற்கு மருந்து ஐஸும் தண்ணீரும்தான். மாசசூசெட்ஸில் நடக்கும் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள், ஐஸ் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்ததால்.

பயிற்சி தொடங்குமுன் சுமார் 570 லிட்டர் பிடிக்கும் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பி, நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஐஸ் நிறைந்த பெட்டிகள் மூன்று நான்கு. ஆள் விழுந்தால் ஒருவர் 911ஐ அழைக்க, மற்றவர்கள் அவரைக் கழுத்துவரை இறக்குங்கள். கவசத்தைத் தொட்டிக்குள் வைத்தும் கழற்றலாம், அதற்காக நிற்காதீர்கள். ஐஸைக் கொட்டுங்கள். ஒரு நீளத் துண்டை மார்பைச் சுற்றி இரண்டு அக்குளுக்கும் அடியில் விட்டு, பின்னாலிருந்து ஒருவர் இறுக்கிப் பிடித்தால் தலை மூழ்காது. தண்ணீரை விடாமல் கலக்குங்கள். கலக்காவிட்டால் தோலை ஒட்டி வெதுவெதுப்பான ஓர் அடுக்கு உருவாகி, குளிர்ச்சி உள்ளே போகாது. சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். 102 ஃபாரன்ஹீட்டுக்கு வந்ததும் வெளியே எடுங்கள். தெர்மாமீட்டரே இல்லையென்றால் 10 முதல் 15 நிமிடம்.

தொட்டி இல்லையா? நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி வையுங்கள். ஆளை நடுவில் கிடத்தி, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றித் தொட்டில் ஆட்டுவதுபோல அசையுங்கள். அக்குளில் இரண்டு ஐஸ் பொட்டலம் வைத்துவிட்டுக் காத்திருப்பது சிகிச்சை ஆகாது.

"வேர்வை அடங்கட்டும், சூட்டு உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தினா ஜன்னி வந்துரும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ரத்தக்குழாய் சுருங்கி வெப்பம் உள்ளேயே அடைபடும் என்று பழைய பாடநூல்களும் சொல்லின. இரண்டும் தவறு. அந்த உடம்பில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியது நிமிடங்களை. அரை மணி நேரத்துக்குள் 104க்குக் கீழே கொண்டுவந்தால் பிழைப்பார். ஆம்புலன்ஸ் வந்ததும் உடனே ஏற்றிவிடத் துடிப்பார்கள், அது அவர்கள் பழக்கம். குளிர்வித்த பிறகே ஏற்றுவது என்று சீசனுக்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; வாசலில் நின்று வாதாட நேரம் இருக்காது.

வெயிலை அளக்க செல்போன் வெதர் ஆப்பை நம்பாதீர்கள். ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT: ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு) என்ற அளவைக் காட்டும் கையடக்கக் கருவியை மைதானத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் கணக்கில் 70 சதவீதம் ஈரப்பதத்துக்கு. செயற்கைப் புல் என்றால் கேட்கவே வேண்டாம். ஜார்ஜியா பள்ளிகளில் இந்த அளவு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளிப்புறப் பயிற்சியே கிடையாது.

கவசம் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். 2003 முதல் கல்லூரிகளுக்கு இது விதி: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், பிறகு ஷோல்டர் பேட், முழுக் கவசம் அதற்கும் பிறகு. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு, கவனக்குறைவுக்கு எடுக்கும் ஊக்க மாத்திரை இருந்தால் டிரெய்னரிடம் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், உங்களை அணியிலிருந்து நீக்குவது எங்கள் வேலை இல்லை. அரிவாள் அணு மரபுக்கூறு (சிக்கிள் செல் டிரெய்ட்: ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையக்கூடிய பரம்பரைத் தன்மை) உள்ளவர்கள் தனிக் கதை. ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, வெப்பம் ஏறாமலே, கால் வலுவிழந்து உட்கார்ந்துவிடுவார்கள். அது சோம்பல் இல்லை. ஓட்டத்தை நிறுத்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், 911ஐ அழையுங்கள்.

டல்லாஸ், அட்லாண்டா பக்கம் இருக்கும் நம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கால்பந்து ஆடாமல் மார்ச்சிங் பேண்டில் டியூபா சுமந்தாலும் அதே ஆகஸ்ட், அதே தார்த்தரை. பயிற்சி நடக்கும்போது நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: தொட்டி எங்கே, ஐஸ் எங்கே, ஆசனவாய் தெர்மாமீட்டர் யாரிடம்? "அதெல்லாம் ஸ்டோர் ரூம்ல இருக்கு" என்று பதில் வந்தால், ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.