பாம்பன் பூனைக்கு ஓய்வில்லை

எங்கள் பூனை நெத்திலிக்கு ஐந்து மாதம் இருக்கும். ஒரு ராத்திரி முன்கால்களைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கிக்கொண்டு ஒரே அலறல். வயிற்றுவலி என்று முடிவுகட்டிய அப்பத்தா ஓமத்தண்ணீரோடு வந்துவிட்டார். வலியெல்லாம் இல்லை, இணைசேரும் பருவத்துக்கு வந்திருந்தது.

பூனையின் பருவத்தை முடுக்கிவிடுவது பகல் வெளிச்சம். இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், முட்டை உருவாகும் சினைப்பைகளை அடக்கிவைக்கும். பகல் நீண்டால் அது குறைந்து, பருவம் தலைதூக்கும். குளிர்நாட்டுப் பூனைகள் பகல் சுருங்கும் மாதங்களில் அடங்கிக் கிடப்பது அதனால்தான். பாம்பனில் டிசம்பரில்கூட பகல் சுமார் 11½ மணி நேரம். அப்புறம் எங்கே அடங்குவது? மீன் ஏலம் போடும் இடத்தில் எந்த மாதம் போனாலும் குட்டிகள் நிற்பதற்கு மீன்கழிவு மட்டும் காரணமில்லை.

இன்னொரு வினோதம், பெரும்பாலும் இணைசேர்ந்தால்தான் பூனைக்குச் சினைமுட்டை வெளிவரும். கடுவனின் உறுப்பில் உள்ள சிறு முட்களின் உறுத்தல் நரம்பு வழியே மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் கிளம்பி, ஒன்றிரண்டு நாளில் முட்டைகள் வெளியேறும். சேராவிட்டால் ஒரு வாரம்போல் கத்திவிட்டு ஓயும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். கதவைப் பூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் மூன்று தடவை ஏமாந்தோம்.

நாய்க்குக் கணக்கு வேறு. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பருவம். முதல் ஒன்பது நாள்போல ரத்தம் படும். அப்போது ஆண்நாயை அண்டவிடாது. ரத்தம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரும்போதுதான் சினைபிடிக்கும் நாட்களே தொடங்குகின்றன. பெண்களின் மாதவிலக்குபோல நினைத்து, "தீட்டு நின்னுருச்சு" என்று சரியாக அந்த நாளில் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறார்கள்!

கருத்தடையில் சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே எடுக்கிறார்கள். கருக்குழாயை மட்டும் கட்டினால் குட்டி போடுவது நிற்கும், கத்தல் நிற்காது. கத்த வைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பது சினைப்பையில்தானே. பருவத்தில் கருப்பை ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும் என்பதால், நாய் என்றால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கூட்டிவரச் சொல்வார்கள். பூனைக்கு அப்படிக் காத்திருந்தால் அதற்குள் இன்னும் நாலு பருவம் வந்து போயிருக்கும். நெத்திலிக்கு நாலாவது கத்தலின் நடுவிலேயே செய்துவிட்டார் டாக்டர். கத்தல் சில நாளில் ஓய்ந்தது. வயிற்றில் மயிர் மழித்த இடத்தில் தையல், ஒரு நெத்திலி நீளம்கூட இல்லை.