லாக் ஃபைல் பைண்டிங்கோடு நின்றுவிடுகிறது

லாக் ஃபைலை (ப்ராஜெக்ட் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின், அதாவது டிபென்டென்சிகளின், பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கோப்பு) ரெப்போவில் சேர்த்தாயிற்று, இனி டிபென்டென்சி பற்றிக் கவலை இல்லை என்று சொல்லும் குழுக்களை அடிக்கடி சந்திக்கிறேன். முழுக்கப் பைதானிலேயே எழுதிய ப்ராஜெக்டுக்கு அது ஏறக்குறைய சரி. சி அல்லது சி ப்ளஸ் ப்ளஸ் லைப்ரரி ஒன்றைப் பைண்டிங் (பைதானையும் அந்த லைப்ரரியையும் இணைக்கும் கோட்) வழியாக அழைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. லாக் ஃபைலில் இருப்பது பைண்டிங் பேக்கேஜின் பெயர், பதிப்பு, ஹேஷ். அந்த பைண்டிங்கை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தால், அடியில் அந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு வந்து உட்கார்கிறது என்பது அந்த மெஷினில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

பில்ட் ஃபைலைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது பில்ட் கருவியான சிமேக்கின் ‘ஃபைண்ட் பேக்கேஜ்’ வரிகளை. பதிப்பு எண் கொடுக்காவிட்டால் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும். ‘ரெக்கொயர்ட்’ போடாவிட்டால், லைப்ரரி கிடைக்காதபோதும் கான்ஃபிகர் தொடரும். பல ப்ராஜெக்டுகளில் அந்த லைப்ரரி தரும் வசதி மட்டும் சத்தமில்லாமல் கழன்றுபோய், பில்ட் வெற்றி என்று முடியும். எது இல்லை என்பது பயனர் கைக்குப் போன பிறகே தெரியவரும். வேண்டிய வசதியை வெளிப்படையாக ஆன் செய்யுங்கள். லைப்ரரி இல்லையென்றால் பில்ட் அங்கேயே நிற்கட்டும்.

உடனே விழும் பிழைகள் நல்லவை. புதிய லினக்ஸில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால், வேண்டிய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு இல்லை என்று, ப்ரோக்ராமை மெமரியில் ஏற்றும் லோடர் பெரும்பாலும் அப்போதே மறுத்துவிடும். பழையதில் கட்டியது பொதுவாகப் புதியதில் ஓடும். அதனால்தான் 2016இல் வந்த மெனிலினக்ஸ்1 வகை வீல்களுக்கு (முன்கூட்டியே கம்பைல் செய்த பைதான் பேக்கேஜ்கள்) பழைய லினக்ஸான சென்ட்ஓஎஸ் 5ஐ அடித்தளமாக வைத்தார்கள்.

எனக்கு அச்சம் தருவது சத்தம் போடாத வகை. ஒரு பதிப்பின் ஹெடரை (லைப்ரரியின் ஃபங்ஷன்களையும் தரவு அமைப்புகளையும் அறிவிக்கும் கோப்பு) வைத்துக் கம்பைல் செய்த பைண்டிங், ரன்டைமில் இன்னொரு பதிப்பின் லைப்ரரியோடு சேர்கிறது. இடையில் ஒரு ஸ்ட்ரக்டின் (பல ஃபீல்டுகளை வரிசையாகச் சேர்த்து வைக்கும் தரவு அமைப்பு) நடுவே புதிய ஃபீல்டு நுழைந்திருக்கிறது என்று வையுங்கள். ஃபங்ஷன் பெயர்கள் மாறவில்லை. ஆகவே லிங்க் ஆகும், ஓடவும் செய்யும். படிக்கும் மதிப்பு மட்டும் தவறான இடத்திலிருந்து வரும். கம்பைலர் பார்த்தது ஒரே ஒரு ஹெடரை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு மாறாக, 2024 ஜூனில் பைதானின் எண்கணித லைப்ரரியான நம்பை 2.0 பைனரி பொருத்தத்தை (பழைய பதிப்பை வைத்துக் கம்பைல் செய்தது புதியதோடும் ஓடுவது) முறித்தது. 1 வரிசையை வைத்துக் கட்டிய எக்ஸ்டென்ஷன்கள் இம்போர்ட் செய்யும்போதே தெளிவான பிழையோடு நின்றன. பெரிய எண்ணை மாற்றி, முன்கூட்டியே அறிவித்துச் செய்த பொறுப்பான முறிவு அது. எல்லா லைப்ரரிகளிடமும் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. ஹெடரும் லைப்ரரியும் ஒரே பேக்கேஜிலிருந்து, ஒரே பதிப்பாக வருகின்றனவா என்று பில்டிலேயே சோதிப்பது நம் வேலை.

பாதுகாப்புப் பக்கம் இன்னும் கூர்மையானது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி பட லைப்ரரியில் ஹீப் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய மெமரிக்கு வெளியே எழுதிவிடும் பாதுகாப்பு ஓட்டை) ஒன்று வெளியானது, எண் சிவிஇ-2023-4863. சர்வரில் ஓஎஸ் பேக்கேஜை அப்டேட் செய்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் பைதானின் பட லைப்ரரியான பில்லோவின் வீல், லிப்வெப்பியின் சொந்தப் பிரதியை உள்ளேயே சுமந்து வருகிறது. ஓஎஸ் அப்டேட் அந்தப் பிரதியைத் தொடாது. பில்லோவை 10.0.1க்கு உயர்த்தினால்தான் ஓட்டை அடைபடும். எந்த வீலுக்குள் எந்த லைப்ரரி இருக்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாத குழு, இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வாய்ப்பில்லை.

ஆகவே நேட்டிவ் (சி, சி ப்ளஸ் ப்ளஸ்) லைப்ரரிகளையும் பெயரும் பதிப்புமாக எழுதி வையுங்கள். கோனன், விசிபிகேஜி போன்ற பேக்கேஜ் மேனேஜர்கள் அதற்கென்றே இருக்கின்றன. அவை வேண்டாமென்றால், பதிப்பை நிலைநிறுத்திய கன்டெய்னர் இமேஜ் (பில்டுக்கு வேண்டிய சூழலை அடைத்து வைத்தது) ஒன்றாவது இருக்கட்டும். பில்ட் முடிந்ததும் கம்பைலரோ ஹெடரோ இல்லாத வெறும் கன்டெய்னரில் நிறுவி, பைண்டிங் வழியாக உண்மையான ஃபங்ஷன் ஒன்றை அழைத்துப் பாருங்கள். இம்போர்ட் ஆனால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பைனரிக்கு வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கமாண்டின் பட்டியலும் முழுமையானதல்ல: ஓடும்போது டிஎல்ஓப்பன் ஃபங்ஷன் வழியாக ஏறும் லைப்ரரிகள் அதில் வராது. அவற்றைப் பிடிக்க, இயங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் மெமரி மேப்பைத்தான் பார்க்க வேண்டும்.