சுரிகுழல்

கனடாவில் இருக்கும் மருமகனிடமிருந்து போன மாதம் ஒரு குரல்செய்தி வந்தது. "மாமா, ஸ்லக் எண்டதுக்குத் தமிழில என்ன? ஃபோனில போட்டுப் பாத்தால் நத்தை எண்டு காட்டுது." அவன் இருக்கும் ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல இடங்களில் மான் வேட்டைக்கு றைபிள் கொண்டுபோக முடியாது, சிறு உருண்டைகளைக் கொத்தாகச் சுடும் சொட்கன்தான். அதற்குள் போடும் ஒற்றைக் குண்டுதான் இந்த ஸ்லக். வன்னியில் ஒட்டுசுட்டானில் பிறந்த பிள்ளை, மான் சுடப் போகிற இடத்தில் நத்தையைச் சுடுவதா என்று கேட்கிறான்.

துவக்கிலிருந்தே துவங்குகிறேன். வன்னியில் நாங்கள் துப்பாக்கி என்று சொல்லிப் பழக்கமில்லை, துவக்குத்தான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், மலையாளத்தில் தோக்கு, சிங்களத்தில் துவக்குவ. "துப்பாக்கித் துப்பார்க்கு" என்று 12ஆம் குறளில் வருகிறதே என்று வாதாட வருபவர்களும் உண்டு. அங்கே துப்பு என்றால் உணவு. மழையைப் பாடிய வள்ளுவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் துவக்குகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி இடித்து இறுக்குவதால் இடியன். பன்றி வரும் பாதையில் கயிறு இழுத்துக் கட்டி வைப்பதால் கட்டுத்துவக்கு. பன்றியை விட்டு மனிதர் காலைப் பதம் பார்த்த கதைகளும் நிறைய. பிறகு அனுமதிப்பத்திரத்தோடு வயற்காவலுக்கு வைத்திருந்த, 12 போர் என்ற குழல் அளவுள்ள சொட்கன். நான் பார்த்த அளவில் இவை எல்லாவற்றுக்கும் குழலின் உட்புறம் வழுவழுப்பு. 1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையில் கைப்பற்றிய பீரங்கிகளும் அந்தக் காலத்து வழக்கப்படி உள்ளே வரியில்லாதவைதான். இப்படிப்பட்ட குழலை நான் வெறுங்குழல் என்கிறேன்.

றைபிள் என்ற பெயரே அந்த வரியால் வந்தது. பழைய பிரெஞ்சில் ரிஃப்ளே என்றால் சுரண்டு, கீறு. குழலின் உட்சுவரில் சுற்றிச் சுற்றிப் போகிற பள்ளங்களைக் கீறிவிட்டால், வெளியேறும் குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டு போகும். சுழல்வதால் தலைகுப்புற விழாமல் நேரே பறக்கும். முதலில் பள்ளத்துக்கு வந்த பெயர், பிறகு துவக்குக்கே பெயராகிவிட்டது.

தமிழில் இதற்குச் சுரிகுழல் என்ற சொல் எழுத்தில் ஏறிவிட்டது. றைபிளைச் சுரிகுழல் துப்பாக்கி என்பார்கள். சுரிதல் என்றால் சுருளுதல். சுரிசங்கு, சுரிமுகம் என்றெல்லாம் பழைய சொற்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பழைய பாட்டுகளில் சுரிகுழல் என்றால் சுருண்ட கூந்தல். பக்திப் பாடலில் அம்மனுக்குப் போட்ட அடைமொழி இன்று இரும்புக் குழாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

புரிகுழல் என்று வைத்தால் என்ன என்று நானும் யோசித்ததுண்டு. அப்பு முற்றத்தில் குந்தியிருந்து வைக்கற்புரி திரிப்பார். ஒரு முனையைக் கால்விரலில் மாட்டி, மறுமுனையை உள்ளங்கையால் உருட்ட உருட்ட வைக்கல் முறுகி முறுகி நீளும். ஆனால் அங்கே முறுகுவது வைக்கலேதான். துவக்கில் குழல் நேராகத்தான் நிற்கிறது; உள்ளே ஓடும் வரி மட்டுமே சுருள்கிறது, சங்கின் உட்புறம்போல. ஆகவே சுரிகுழலே சரி.

சொட்கன் குழலுக்கும் இப்படிச் சுரி வெட்டுகிறார்கள். 12 போர் என்றால் ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 சம உருண்டை வார்த்தால் ஒன்று எவ்வளவோ அந்த விட்டம், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீற்றர். அந்த அகலத்துக் குழலில் சுரி மெதுவாகத்தான் சுற்றும். 35 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. குழலோ 24 அங்குலம். வாயைத் தாண்டும்போது குண்டு ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது.

இனி மருமகன் மாட்டிக்கொண்ட இடம். புதிதாகச் சுரிகுழல் சொட்கன் வாங்கியவன், கடையில் 'றைபிள்ட் ஸ்லக்' என்று எழுதிய பெட்டியைக் கண்டதும் பொருத்தம் என்று எடுத்துவிட்டான். சுரிகுழலுக்குச் சுரிக்குண்டு, யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? பத்துப் பதினைந்து வெடிக்குப் பிறகு குறி அலைந்தது. குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால், பள்ளங்களில் ஈயம் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கிறது. கம்பித் தூரிகையோடு ஒரு பின்னேரம் போயிற்று.

அந்தப் பெயர்தான் ஏமாற்றுகிறது. அதில் வரி இருப்பது குண்டின் வெளிப்புறத்தில். அது வெறுங்குழலுக்கென்றே செய்த குண்டு. ஜேர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கெ 1898இல் செய்ததும், அமெரிக்காவில் கார்ல் ஃபோஸ்டர் 1931இல் செய்ததும் இந்த இனம். வெளி வரி குண்டைப் பெரிதாகச் சுழற்றுவதில்லை. வாய் ஒடுங்கிய குழலில் நசிந்து வெளியேற இடம் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஃபோஸ்டர் குண்டு நேரே போவதற்குக் காரணம், முன்பக்கம் கனமாயும் பின்பக்கம் பொள்ளலாயும் இருப்பது. பூப்பந்து பறக்கிற மாதிரி.

சுரிகுழலுக்கு உரியது 'சபோ' குண்டு. சபோ என்றால் பிரெஞ்சில் மரச்செருப்பு. குழலைவிட ஒடுங்கிய குண்டு, அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் உறை. சுரியைக் கவ்விப் பிடித்துச் சுழல்வது உறை. வாயைத் தாண்டியதும் அது கழன்று விழ, குண்டு தனியே போகும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மாதிரிதான். இதை வெறுங்குழலில் போட்டால் சுழற்சி கிடைக்காது, எங்கே படும் என்று சொல்ல முடியாது. காசும் அதிகம்.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதிக் கொடுத்தது: ஸ்லக் என்றால் தனிக்குண்டு. சிறு உருண்டைகளைச் சன்னம் என்று சொல்லிப் பழகியதால் இது பிரிந்து நிற்கும். றைபிள்ட் ஸ்லக்கைச் சுரிக்குண்டு என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலத்தின் குழியைத் தமிழிலும் வெட்டுவதாகும்; வரிக்குண்டு என்போம். சபோ, உறைக்குண்டு. வெறுங்குழலுக்கு வரிக்குண்டு, சுரிகுழலுக்கு உறைக்குண்டு.

துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்புக்குத் தொலைநோக்கி என்ற பெயர் வேண்டாம். கிரேக்க மூலத்தில் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது, தொலைவு இல்லை. தனிக்குண்டு விரைவில் தாழ்ந்துவிடும், ஆகவே நூறு யார் சுற்றுக்குள்தான் அதன் பெரும்பாலான வேலை. இரண்டு மூன்று மடங்கு பெருக்கமே தாராளம். குறிநோக்கி பொருத்தமான சொல். அதில் பெருக்கத்தைவிடக் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனிக்குண்டு வெடிக்கும்போது துவக்கின் பின்கட்டையான சோங்கு தோளில் குத்துகிற குத்தில் குறிநோக்கியும் பின்னால் வரும். நாலு அங்குலமாவது விடாதவனுக்குப் புருவத்தில் பிறைபோல வெட்டு விழும். குண்டின் வகையை மாற்றினால் படும் இடமும் மாறும், குறியைத் திரும்பத் திருத்த வேண்டும்.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். மிஞ்சிய பெட்டியின் மேல் கறுப்பு மார்க்கரால் 'வரிகுண்டு' என்று எழுதியிருக்கிறான். க் விடுபட்டிருக்கிறது.