பனிக்கு அடியில் நடக்கும் வேலை

மலையைப் பனி மூடிவிட்டால் கோடைக்காலப் பாதைகள் காணாமல் போய்விடும். புதர், பாறை, ஓடை எல்லாம் ஒரே வெள்ளைப் பரப்புக்குக் கீழே போய்விடுவதால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தோன்றும். அப்படித் தடமில்லாத இடத்தில் நடப்பவருக்கும் நிலத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு மீட்டர் பனி கிடக்கிறது. குளிர்காலத்தின் முதல் பொழிவு அடியில், நேற்று விழுந்தது மேலே, நடுவில் மற்றவை. இந்த அடுக்குகளுக்குள் ஓயாமல் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

முதலில் கால் புதையும் சங்கதி. புதிதாக விழுந்த பனி ஒரு கனமீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே அளவு நீர் 1,000 கிலோ. அதாவது புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. அதனால்தான் சாதாரணக் காலணி முழங்கால்வரை இறங்கிவிடுகிறது. காலணிக்கு அடியில் கட்டும் அகலமான தட்டான ஸ்னோஷூவை, அதுவும் ஐந்து மடங்கு பரப்புள்ளதை, மாட்டிக்கொண்டால் அழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். அப்போதும் கொஞ்சம் புதையும், ஆனால் நடக்க முடியும். ஊசியிலை மரங்களை ஒட்டிப் போகும்போது மட்டும் கவனம் தேவை. தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி மறைவான குழி இருக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். பனி நமக்குக் குளிர்ந்த பொருள். இயற்பியல் கணக்கில் அது நன்றாகச் சூடேறிய பொருள். வெப்பநிலையின் அடிமட்ட எல்லையிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில், மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்பது 263. பனிக்கட்டி உருகுவது 273-இல். உருகுநிலையில் 96 விழுக்காட்டை அது எட்டிவிட்டது. இரும்பை அந்த விகிதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,470 டிகிரி செல்சியஸ்வரை காய்ச்ச வேண்டும். உருகுநிலைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் எந்தப் பொருளும் சும்மா இருக்காது. மூலக்கூறுகள் இடம் மாறுகின்றன, படிகங்களின் கூர்முனைகள் மழுங்குகின்றன, ஒன்றையொன்று தொடும் மணிகளுக்கு இடையே சிறிய பாலங்கள் வளர்கின்றன. மிதித்துப் போன தடம் மறுநாள் காலையில் கெட்டியாக இருப்பது இதனால்தான். மண்வெட்டியால் குவித்த தூள்பனியை ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவைத்தால், உள்ளே குடைந்து தங்கும் அளவுக்கு இறுகிவிடுவதும் இப்படித்தான்.

ஆனால் எல்லாப் பனியும் இறுகுவதில்லை. எது இறுகும், எது உதிரும் என்பதை முடிவு செய்வது, அடிக்கும் மேலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. பனி ஒரு போர்வையாக மூடியிருப்பதால் நிலமட்டம் பெரும்பாலும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்பு மைனஸ் 20 என்று வையுங்கள். பனி 2 மீட்டர் ஆழமானால் ஒரு மீட்டருக்கு 10 டிகிரி வித்தியாசம். ஆழம் அரை மீட்டர்தான் என்றால் அந்தக் கணக்கு 40 டிகிரிக்கு ஏறிவிடும். மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினால் கீழிருந்து மேலாக நீராவி வேகமாக நகரத் தொடங்குகிறது. அடியிலுள்ள மணிகளிலிருந்து கிளம்பும் ஆவி மேலே குளிர்ந்த மணிகளில் படிந்து, பட்டை தீட்டியதுபோல் முகங்கள் கொண்ட பெரிய படிகங்களாக வளர்கிறது. இவற்றுக்குள் பிணைப்பு மிகக் குறைவு. கையில் அள்ளினால் சீனி போல உதிரும். மெல்லிய பனி ஆபத்தில்லாதது என்று நினைப்பது இயல்பு. என்னைக் கேட்டால், வானம் தெளிந்து கடுங்குளிர் அடிக்கும் பருவத் தொடக்கத்தில் விழுந்த அந்த மெல்லிய பனியைத்தான் குளிர்காலம் முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு எவ்வளவு பொழிந்தாலும் அது அந்த உதிரி அடித்தளத்தின்மேல்தான் உட்காருகிறது.

இன்னொரு வகைப் பலவீனம் மேலிருந்து வருகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் இறகு இறகாக உறையும். காலை வெயிலில் பளபளக்கும் அந்த அழகு, அடுத்த பொழிவில் புதைந்து, வாரக்கணக்கில் வழுக்கும் படலமாக உள்ளேயே இருக்கக்கூடும்.

இதன்மேல் காற்று ஒரு கூரை போடுகிறது. முகட்டின் ஒரு பக்கத்தில் பனியை அள்ளி, உடைத்து, காற்றடிக்காத மறுபக்கத்தில் இறுக்கமான பாளமாகப் படியவைக்கிறது. கெட்டிப் பாளம், அடியில் உதிரி அடுக்கு. இந்த ஜோடிமேல் ஒருவர் கால் வைக்கும்போது உதிரி அடுக்கு சில மில்லிமீட்டர் நொறுங்கி இறங்குகிறது. மேலிருக்கும் பாளம் வளைந்து, நொறுங்கலைப் பக்கத்துக்குப் பக்கம் கடத்துகிறது. மலையேறிகள் ‘வூம்ஃப்’ என்று சொல்லும் அடங்கிய ஓசை இதுதான். தட்டையான இடத்தில் ஓசையோடு முடிந்துவிடும். சாய்வு 30 டிகிரியைத் தாண்டினால் உராய்வு தோற்றுப் பாளம் நகரும். பெரும்பாலான பாளப் பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிவரையான சாய்வுகளில் நிகழ்கின்றன. அதைவிட மிகச் செங்குத்தான இடங்களில் பனி அவ்வப்போது தானே உதிர்ந்துவிடுவதால் பெரிதாகச் சேர்வதில்லை. நொறுங்கல் தூரம் ஓடக்கூடியது என்பதால், கீழே சமதளத்தில் நடப்பவர்கூட மேலே பனிச்சரிவைக் கிளப்பிவிட முடியும்.

முன்னால் போனவரின் தடம் இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. கால் கொடுக்கும் அழுத்தம் ஆழம் கூடக் கூடக் குறைகிறது; ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள உதிரி அடுக்கை எட்டுவது அரிது. ஆனால் பாறை தலைகாட்டும் இடங்களிலும் ஓரங்களிலும் பாளம் மெல்லியதாக இருக்கும். பத்துப் பேர் தடிமனான பகுதியில் நடந்து போயிருக்கலாம். பதினோராவது ஆள் மெல்லிய இடத்தில் மிதிக்கலாம். உயிர்ப்பலி கொண்ட பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கிளப்பியது சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான்.

சரிந்து நின்ற பனி உடனே இறுகுவதும் மேலே சொன்ன அதே பிணைப்பால்தான். உராய்வு அதை இன்னும் விரைவாக்குகிறது. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாமல் போகலாம். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் வாய்ப்பு சரேலென விழுகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதாது. எனவேதான் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி, துழாவும் நீள்கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்கிறார்கள். சந்தேகமான சாய்வை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடப்பதும் இதே கணக்கில்தான்: ஒருவர் புதைந்தாலும் தோண்ட மற்றவர்கள் வெளியே இருப்பார்கள்.