மின்-மேக்ஸ்: சொல்லும் பொருளும்

‘மின்-மேக்ஸ்’ என்று தமிழில் எழுதிவிட்டுப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மின்சாரம்தான். மின்விசிறி, மின்தூக்கி, மின்னஞ்சல் என்று பழகிய கண் இதையும் ஏதோ மின்கருவியின் பெயராகவே படிக்கும். இந்த ‘மின்’ உண்மையில் மினிமம் என்பதன் தலை. ‘மேக்ஸ்’ மேக்சிமம் என்பதன் தலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து ஆடும் விளையாட்டுகளில் அன்றாடம் புழங்கும் சொல் இது. பாத்திரத்தை உருவாக்கும்போது, தேவைப்படாத பண்புகளின் எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, மிச்சமாகும் புள்ளிகளை வேண்டிய பண்புகளில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெயர் மின்-மேக்ஸ்.

இந்த ஆட்ட வகையைத் தொடங்கிவைத்தது, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று அதில் ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். 3 முதல் 18 வரை எது விழுகிறதோ அதுவே பாத்திரத்தின் தலையெழுத்து. 1981-இல் வந்த அதன் அடிப்படை விதிநூலில் சின்னதாக ஒரு கதவு இருந்தது: ஒரு பண்பில் 2 புள்ளி குறைத்துக்கொண்டால், தன் தொழிலுக்குரிய முதன்மைப் பண்பில் 1 புள்ளி ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் எதையும் 9-க்குக் கீழே இறக்கக் கூடாது. அதே 1981-இல் வந்த சாம்பியன்ஸ் என்ற ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்கப் பகடைக்கே வேலையில்லை. பண்புகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். கையில் இருப்பதை எங்கே செலவழிப்பது என்ற கேள்வி வந்ததும், எங்கே செலவழிக்காமல் விடுவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

சொல்லின் வேர் லத்தீன். மினிமுஸ் என்றால் மிகச் சிறியது, மாக்சிமுஸ் என்றால் மிகப் பெரியது. கணிதத்தில் இந்த இணை வெகுகாலமாகச் சேர்ந்தே நடக்கிறது. லைப்னிட்ஸ் 1684-இல் நுண்கணிதத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டும் இருக்கின்றன. நம் பாடநூல்களில் இவற்றுக்குச் சிறுமம், பெருமம் என்று நல்ல சொற்கள் உண்டு. ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். ஜான் வான் நாய்மன் 1928-இல் நிறுவிய ‘மினிமேக்ஸ்’ தேற்றம் வேறு. எதிராளி எவ்வளவு திறமையாக ஆடினாலும் நமக்கு நேரக்கூடிய பெரும இழப்பைச் சிறுமமாக்குவது அது. அதுவும் ஆட்டங்களைப் பற்றியதுதான் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நாம் பேசும் சொல்லில் எதிராளியே கிடையாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது கையில் பிடிபடும். செலவழிக்க 27 புள்ளிகள். எல்லாப் பண்பும் 8-இல் தொடங்கும், 15-க்கு மேல் வாங்க முடியாது. 13 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. ஆகவே 15-இன் விலை 9. மூன்று பண்புகளை 15-ஆக வாங்கினால் 27-உம் தீர்ந்தது. மற்ற மூன்றும் 8-இலேயே கிடக்கும். அதே 27-க்கு மூன்று 13-உம் மூன்று 12-உம் வாங்கலாம். ஆறையும் கூட்டினால் முதல் பாத்திரத்துக்கு 69, இரண்டாவதற்கு 75. ஒரு செயல் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் பகடையோடு சேரும் மாற்றெண்ணைப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது: 15-க்கு +2, 8-க்கு −1, 12, 13 இரண்டுக்கும் +1. கூட்டினால் முதலாவதற்கு +3, இரண்டாவதற்கு +6. மொத்தத்தில் பாதி! இருந்தும் அனுபவசாலிகள் முதலாவதைத்தான் எடுப்பார்கள். கோடரி வீரன் ஒரு மாலைப் பொழுதில் இருபது முறை வலிமைக்காகப் பகடை உருட்டுவான்; அறிவுக்காக ஒருமுறை உருட்டினால் அதிகம்.

அந்த ஒருமுறை வரத்தான் செய்கிறது. நான் ஆட்டம் நடத்திய ஒரு மாலையில், வசீகரத்தை 8-இல் விட்ட வீரன் ஒருவன் கோட்டை வாசலில் காவலனிடம் தேன் ஒழுகப் பேசினான். பேச்சு ஆடியவருடையது, அவர் இயல்பிலேயே நன்றாகப் பேசுபவர். உருட்டுங்கள் என்றேன். 15 வேண்டும், விழுந்தது 14, அதில் ஒன்று போய் 13. கதவு சாத்தப்பட்டது. அவர் முகம் சுருங்கியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 8-ஐ விற்றுத்தான் அவர் 15-ஐ வாங்கியிருந்தார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு ஒரு வசையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கதையை மதிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் என்று. எண்ணைக் குறைப்பதில் குற்றம் எதையும் நான் காணவில்லை. குறைத்துவிட்டு, அந்தக் குறை இல்லாததுபோல் ஆடுவதுதான் பிழை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘உகப்பாக்கம்’ என்பவர்கள் உண்டு. வணிகக் கணிதத்தில் ‘உகந்த தீர்வு’ என்று படித்தவர்களுக்கு அது உடனே விளங்கும். எந்த முன்னேற்றத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல் அது. இழப்பு அதில் தெரிவதில்லை, என் மறுப்பு அங்கேதான். ‘சிறுமபெருமமாக்கம்’ துல்லியமானது, ஆனால் வாயில் நுழையாது. அதை வான் நாய்மனின் தேற்றத்துக்கு விட்டுவிடலாம். நான் எழுதுவது ‘குறைத்துக் குவித்தல்’. இரண்டு வினைகளும் செய்யும் வரிசையிலேயே நிற்கின்றன, மோனையும் தானாக அமைகிறது, வாக்கியத்திலும் இடறுவதில்லை: “விவேகத்தைக் குறைத்து லாவகத்தில் குவித்திருக்கிறாள்.” இப்படி ஆடுபவரைக் குவிப்பாளர் எனலாம். வேண்டுமென்றே தாழ விட்ட எண்ணுக்கு ஆங்கிலத்தில் குப்பை கொட்டுவதைக் குறிக்கும் பெயர் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ‘விட்ட பண்பு’ என்று எழுதுகிறேன். அந்தக் கோட்டை வாசல் வீரனின் விட்ட பண்பு, வசீகரம்.