யாரோ திருகி வைத்துவிட்டுப் போன ஒலி

1978-இல் டியூப்வே ஆர்மி என்ற பங்க் (முரட்டு கிட்டார் ராக்) குழு, ஆல்பம் பதிவு செய்ய கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்பேஸ்வார்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனது. பாடகர் கேரி நியூமனுக்கு அப்போது வயது 20. கிட்டாரோடு வந்தவரின் கண்ணில், முன்பு வந்தவர்கள் விட்டுப்போயிருந்த மினிமூக் என்ற சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் கட்டைக் கருவி, பட்டது. சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அறையே அதிர்ந்தது. பங்க் ஆல்பத்தை எதிர்பார்த்திருந்த நிறுவனத்திடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது வேறு இசை.

மினிமூக்குக்கு நினைவகம் கிடையாது. ஒலியை மாற்றும் திருகு குமிழ்கள் எந்த நிலையில் நிற்கின்றனவோ அதுதான் ஒலி. கடைசியாக வாசித்தவர் வைத்த நிலை அப்படியே இருந்தது. அது ஏதோ சன்னமான ஒலியாக இருந்திருந்தால் தனக்கு ஆர்வமே வந்திருக்காது என்று நியூமனே சொல்லியிருக்கிறார்.

அப்படி என்ன இருந்திருக்கும் அந்தத் திருகுகளில்? மினிமூக்கில் மூன்று ஆஸிலேட்டர்கள், அதாவது மின் அலையை உண்டாக்கும் சுற்றுகள், உண்டு. மின்னழுத்தத்தை ஏற்றி, சட்டென இறக்கி, மறுபடி ஏற்றினால் ரம்பப்பல் போன்ற அலை கிடைக்கும். அதை 55 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 55 முறை) ஓட விட்டால் 110, 165, 220 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்கள் எல்லாம் கூடவே வரும். கேட்க, தேனீக் கூட்டின் இரைச்சல் மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டாவது ஆஸிலேட்டரை 55.5-இல் வையுங்கள். இரண்டும் சேர்வதும் விலகுவதுமாக, இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். பள்ளியில் படித்த விம்மல்தான். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இந்த விம்மல் அடங்கும்வரை முறுக்குவார். இங்கே வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 110-ம் 111-ம் விநாடிக்கு ஒருமுறை விம்முகின்றன, 165-ம் 166.5-ம் இன்னும் வேகமாக. ஒவ்வொரு மேற்சுரமும் தன் தாளத்தில் அசைவதால்தான், அழுத்திப் பிடித்த ஒரே ஸ்வரம் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது.

அடுத்தது, உயர்ந்த அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டி. ராபர்ட் மூக் வடிவமைத்த இதில் டிரான்சிஸ்டர் இணைகள் ஏணிப்படிகளாக அடுக்கப்பட்டிருக்கும். நான்கு படிகள், குறித்த எல்லைக்கு மேல் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வீச்சு ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகச் சுருங்கும். இரைச்சலான மேற்பகுதி போய், கனமான அடிப்பகுதி மிஞ்சும். கட்டையை அழுத்தும்போது வடிகட்டி சற்றுத் திறந்து மூடினால், ஒலி வாய் திறந்து மூடுவதுபோலக் கேட்கும்.

1979 கோடையில் அவர் குழுவின் பாட்டு நான்கு வாரம் பிரிட்டனில் முதலிடம். அவர் தன் பெயரில் வெளியிட்ட 'கார்ஸ்' பாட்டும் செப்டம்பரில் முதலிடம். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தில் கிட்டாரே இல்லை; ஆனால் டிரம்ஸை மனிதர்தான் வாசித்தார். இயந்திர இசை என்று திட்டியவர்கள் இதைக் கவனித்தார்களா தெரியவில்லை. 1981-இல் மேடைக்கு விடை கொடுத்து, சிறு விமானத்தில் உலகைச் சுற்றி வந்து, மறுபடி மேடைக்கே திரும்பினார். 2017-இல் வந்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது.

'கார்ஸ்' பாட்டில் மேலே குளிர்ந்து மிதக்கும் ஒலியும் அவர் திருகி உண்டாக்கியதல்ல. பாலிமூக் என்ற கருவியில் தயாரிப்பாளர்களே அமைத்து வைத்த ஒரு பொத்தான் அது. பெயர் 'வாக்ஸ் ஹ்யூமானா'. லத்தீனில் மனிதக் குரல் என்று பொருள்.